மூன்றில் ஒரு பங்கும் ஒரு மூலை வீடும்

எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வராது. முனையில் டிரான்ஸ்பார்மர் பக்கம் நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு மேல போனா வண்டி நமக்கு இல்ல, இறங்கிருங்க" என்பார்கள். அரிசி மூட்டையோ, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற ஆச்சியோ, அங்கிருந்து தோளிலோ கைத்தாங்கலாகவோதான் வரவேண்டும். இப்படியே பதினோரு வருஷம் ஓடியது. இப்போது பேவர் பிளாக் ரோடு வந்துவிட்டது. வந்த கதையைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நாங்கள் செய்த தப்புகளை வேறொரு தெருக்காரர்கள் மறுபடி செய்யவேண்டிய அவசியமில்லை.

ஊர் பேர் வேண்டாம். தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற பக்கம் ஒரு நகராட்சி, அவ்வளவு போதும். எங்கள் தெரு முன்பு வயல். இரண்டு போகம் விளைந்த இடத்தைக் கல் ஊன்றி மனையாக விற்றார்கள், நாங்களும் வாங்கினோம். வயலுக்கு உள்ள புத்தி வயலை விட்டுப் போகாது என்பது முதல் ஐப்பசி மழையிலேயே தெரிந்துபோனது. வண்டல் மண், மிதித்தால் செருப்பு கையோடு வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தெரு முழுக்க முட்டளவு தண்ணீர். நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே மூழ்கிய நாட்கள் அவை, எங்கள் தெருவைப் பற்றி யாரிடம் சொல்ல? தண்ணீர் வடிந்த பிறகும் பத்து நாள் சகதி. டீச்சர் அக்கா வீட்டுக்கு வந்த கேஸ் சிலிண்டர் தள்ளுவண்டியோடு சரிந்து, அதைத் தூக்க ஆறு பேர் இறங்கினோம். அன்றைக்குத்தான் தெருவில் உள்ளவர்கள் முதன்முறையாக ஒன்றாக நின்றோம் என்றுகூடச் சொல்லலாம்.

நான் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதனால் தெருவில் எல்லோருக்கும் எனக்கு "உள்ளே ஆள் இருக்கு" என்று ஒரு நினைப்பு. ஆள் யாரும் இல்லை, காகிதம்தான் தெரியும். மனு எழுதுவது, இணைப்பு வைப்பது, தேதி முத்திரை வாங்குவது, இதெல்லாம் கை பழகிப்போனது. ஆறு மனு கொடுத்தோம். நகராட்சியில், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளில், 1100-க்குப் போன் போட்டு முதல்வரின் முகவரியில். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பதில்: நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும். இந்த "நிதிநிலைக்கேற்ப" என்ற சொல்லை யார் கண்டுபிடித்தாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

ஏழாவது தடவை மனுவை விட்டுவிட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) ஒரு கேள்வி போட்டேன். கேள்வி சின்னதுதான். எங்கள் தெரு நகராட்சியின் சாலைப் பதிவேட்டில் எந்த எண்ணில் இருக்கிறது, கடைசியாக என்ன வேலை நடந்தது. முப்பது நாளுக்குள் பதில் வந்தது. அந்தப் பெயரில் சாலை எதுவும் பதிவேட்டில் இல்லை.

அப்படியென்றால் ஆறு மனுவையும் நாங்கள் இல்லாத தெருவுக்குக் கொடுத்திருக்கிறோம்.

கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிற ஒரு சர்வேயர்தான் விளக்கினார். அங்கீகாரம் வாங்காத மனைப்பிரிவில் தெருவுக்கு விட்ட இடம், நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்வரை மனை போட்டவர் பேரில்தான் கிடக்கும். எங்கள் கிரயப் பத்திரத்தில் எல்லை சொல்கிற இடத்தில் "வடக்கே 20 அடி அகலப் பொதுப் பாதை" என்று எழுதியிருக்கும். பொதுப் பாதை என்றால் பொதுதானே, அதுக்கு மேல் என்ன என்று நாற்பது மனைக்காரர்களும் இருந்துவிட்டோம். 2017-ல் அரசு மனை வரன்முறை கொண்டுவந்தபோது (2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கு) ஆளாளுக்கு ஓடிப்போய்ப் பணம் கட்டித் தங்கள் தங்கள் மனையை ஒழுங்குபடுத்திக்கொண்டோம். தெருவை யாரும் நினைக்கவில்லை. நம் மனை நம்முடையது, தெரு யாருடையதோ.

இதைப் படிக்கிறவர்கள் எழுந்துபோய் முதலில் இதைப் பாருங்கள். வருவாய்த் துறை இணையதளத்தில் உங்கள் தெருவின் சர்வே எண், உட்பிரிவு எண் போட்டால் யார் பேரில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நிலத்தின் அளவு காட்டும் புலப்படமும் அங்கேயே கிடைக்கும். அது ஒரு தனி ஆள் பேரில் இருந்தால், ரோடு கேட்டு மனு கொடுப்பது வெறும் கால் வலி. நகராட்சி நினைத்தாலும் தனியார் இடத்தில் அரசுப் பணத்தைக் கொட்ட முடியாது, தணிக்கையில் மாட்டும்.

மனை போட்டவர் காலமாகிவிட்டார். மகன் தூத்துக்குடியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நாங்கள் மூன்று பேர் போனோம். அவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்துப்போனால், மனிதர் காப்பி கொடுத்து, "அப்பா இதை முடிக்காமப் போனது எனக்கே தெரியாது" என்றார். வாரிசுச் சான்றிதழ் எடுக்க, தங்கச்சிமார் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வர, இதிலேயே ஐந்து மாதம். பத்திரம் எழுதின செலவு, அவர்கள் வந்துபோன செலவு எல்லாம் தெருவில் பிரித்துக்கொண்டோம். அந்தச் சின்னத் தொகையைப் பிரிக்கும்போதே பின்னால் வரப்போகிற கூத்தின் வாசனை அடித்தது. நான்தான் கவனிக்கவில்லை.

சரி, தெரு நகராட்சிக்கு வந்தாயிற்று. ரோடு? "பொது நிதியில இப்போதைக்கு வாய்ப்பு கம்மி. நமக்கு நாமேயில வாங்களேன்" என்றார் பொறியியல் பிரிவில் ஒருவர். நமக்கு நாமே திட்டம் 1997-98-ல் முதலில் வந்தது, நடுவில் நின்று, 2021-ல் நகர்ப்புறங்களுக்கு மறுபடி வந்தது. கணக்கு எளிது. பொது வேலைக்கு ஆகிற செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டவேண்டும், மீதியை அரசு போடும். வேலை முடிந்ததும் அது நகராட்சியின் சொத்து, நாங்கள் பணம் போட்டோம் என்று தெருவில் கேட் போட முடியாது. எங்களுக்கு 600 அடி நீளம், 15 அடி அகலத்துக்குப் பேவர் பிளாக் மதிப்பீடு 9 லட்சத்து 60 ஆயிரம் வந்தது. எங்கள் பங்கு 3 லட்சத்து 20 ஆயிரம்.

இந்த 3 லட்சத்து 20 ஆயிரத்தை நாற்பது மனைக்குப் பிரிப்பதற்கு டீச்சர் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். நகர்மன்றத்தில் நடந்த விவாதத்தைவிட இது பெரிய விவாதம்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி போடுகிற மண் இது. யாருக்கும் பங்கு பிரிப்பது புதிதில்லை. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதி, வில்லுப்பாட்டுக்கு, மேளத்துக்கு, பந்தலுக்கு என்று கணக்குப் படித்து, பைசா பாக்கியில்லாமல் முடிப்போம். மகன் கல்யாணமாகித் தனியே போனால் தனித் தலைக்கட்டு. ஆண்துணை இல்லாத வீட்டுக்கு எங்கள் ஊரில் அரை வரி. ஆகவே முதல் ஞாயிறு, "என்னவே பேச்சு, தலைக்கட்டுக்கு எட்டாயிரம்னு போடுங்க, முடிஞ்சு போச்சு" என்றார் தபால் ஆபீஸ் அண்ணாச்சி. உடனே மூன்று செண்ட் மனைக்காரர் எழுந்தார். எட்டு செண்டில் மாடி வீடும் அவரும் ஒன்றா? அப்படியானால் செண்டுக்கு இவ்வளவு என்று போடலாம் என்றால் எட்டு செண்ட்காரர் கேட்டார்: "ரோட்டுல நான் எட்டு மடங்கா நடக்கேன்?" நியாயம்தான். வாசல் அகலத்தை வைத்து அடிக்கணக்கில் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையில்தான் மூலை வீடு வந்து மோதியது.

மூலை வீட்டுக்காரருக்கு வாசல் மெயின் ரோட்டில். எங்கள் தெருவில் அவருக்கு இருப்பது எழுபது அடிக்கு ஒரு காம்பவுண்டுச் சுவர். அடிக்கணக்கு போட்டால் தெருவிலேயே அதிகப் பங்கு அவருக்கு, வாசல் கணக்கு போட்டால் சுழி. அவர் நிதானமாகத்தான் கேட்டார், "சுவருக்கு ரோடு எதுக்குவே?" யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அரை மணி நேரம் போனது. கடைசியில் படிக்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பால்கார ஆச்சி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "சுவரு உன்னுதுதான் ராசா. செப்டிக் டேங்கு லாரி எந்தப் பக்கமா வருது?"

அந்த லாரி எங்கள் தெரு வழியாகத்தான் வரும், அவர் தொட்டி வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மாடியில் எல்லோரும் சிரித்ததில் அவரும் சிரித்துவிட்டார். அரைப் பங்கு என்று அந்த இடத்திலேயே முடிந்தது. இந்த அலசலில் எனக்குப் புரிந்தது என்னவென்றால், பணம் கொடுக்க மறுக்கிறவர்களில் பாதிப்பேர் பணத்துக்காக மறுப்பதில்லை, தன்னைக் கேட்காமல் யாரோ கணக்குப் போட்டுவிட்டார்கள் என்பதற்காகத்தான் மறுக்கிறார்கள். அவர் முன்னாலேயே கணக்குப் போட்டால் வழி பிறக்கிறது.

கடைசியில் ஒரு கலப்புக் கணக்கு. மொத்தத்தில் பாதியை மனைக்குச் சமமாகவும், மீதிப் பாதியைச் செண்டு வாரியாகவும் பிரித்தோம். ஐந்து செண்ட் மனைக்கு எட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம் வந்தது. காலி மனைக்கும் அதே கணக்கு, ஏனென்றால் ரோடு வந்தால் முதலில் விலை ஏறுவது காலி மனைக்குத்தான். பால்கார ஆச்சிக்கும் இன்னொரு வீட்டுக்கும் பங்கு வேண்டாம் என்று முடிவாயிற்று, அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை, பேரைச் சொல்லிப் படிக்கவும் இல்லை. ஆச்சிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஐந்நூறு ரூபாயைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "ரசீது குடு" என்றாள். அவளுக்கு எழுதின ரசீதுதான் எங்கள் புத்தகத்தில் எண் 1.

வாடகைக்கு இருப்பவர்களிடம் வாங்கக்கூடாது என்பது என் கட்சி. சில வீட்டுக்காரர்கள் வாடகைக்காரர் தலையில் கட்டப் பார்த்தார்கள். ரோடு சொத்தோடு போகிறது, வாடகைக்காரர் நாளைக்கு சாமான் ஏற்றிக்கொண்டு போய்விடுவார், அவர் ஏன் கொடுக்கவேண்டும்? இதில் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன், சத்தம் போட்டது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பம்பாயில் இருக்கிற இரண்டு மனைக்காரர்களும், சவுதியில் இருக்கிற ஒருவரும்தான் இழுத்தடித்தார்கள். போனில் "பாப்போம், பாப்போம்". அவர்களுக்கு என்ன அனுப்பினோம் தெரியுமா, மழை நேரத்துத் தெருவின் படம் இல்லை. மதிப்பீட்டின் நகல், தானப் பத்திரத்தின் முதல் பக்கம், பங்குக் கணக்கின் முழுப் பட்டியல், இதுவரை கட்டியவர்களின் ரசீது எண்கள். ஒரு வாரத்தில் மூன்று பேரும் அனுப்பிவிட்டார்கள். பணத்தை யார் கணக்கிலும் போடாமல் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் குடியிருப்போர் சங்கம் பதிந்து, மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கமுடியும் என்று பேங்கில் கணக்குத் தொடங்கியிருந்தோம். என் ஜெராக்ஸ் கடைக் கணக்கில் போட்டு வைக்கலாம் என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். நல்லவேளை, என் மனைவி விடவில்லை.

இனி நகர்மன்றம்.

எங்கள் வேலை கூட்டப் பொருளில் 23-ஆவதாக இருந்தது. கூட்டத்தைப் பார்க்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு நானும் அண்ணாச்சியும் பின் பெஞ்சில் உட்கார்ந்தோம். அதுவரை எனக்கு நகர்மன்றம் என்றால் வெளிநடப்பு, கோஷம், மறுநாள் பேப்பரில் ஒரு படம், அவ்வளவுதான். உண்மையில் பெரும்பாலான பொருள்கள் ஒரு நிமிஷத்தில் ஓடிவிடுகின்றன. மோட்டார் பழுது, குப்பை வண்டிக்கு டயர், தெருவிளக்கு. 23 வந்ததும் வேகம் நின்றது.

ஒரு உறுப்பினர் வரியைப் பிடித்தார். 2022-ல் வீட்டு வரியைக் கூட்டினோம், 600 சதுர அடிக்குக் கீழே 25 சதவீதம், 1,800-க்கு மேலே 100 சதவீதம், அதாவது இரட்டிப்பு. ஜனங்க முகத்துல முழிக்க முடியாம அலைஞ்சோம், இப்போ ரோட்டுக்கும் தனியாப் பங்கு கேட்டா எப்படி, வரி எதுக்கு, பங்கு எதுக்கு? எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது, ஆனால் நான் நின்ற பக்கமோ பங்கு கொடுக்கிற பக்கம். பதிலுக்கு நிதிநிலை படித்தார்கள். வரியில் வருகிற பணம் சம்பளம், பென்ஷன், தெருவிளக்குக் கரண்ட் பில், குடிதண்ணீர், குப்பை என்று அதிலேயே கரைகிறது. ரோடு என்பது பெரும்பாலும் மாநில, மத்தியத் திட்டப் பணத்திலிருந்தோ, எம்.எல்.ஏ. தொகுதி நிதியிலிருந்தோதான் வருகிறது. வீட்டு வரி கட்டுகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு, ஆபீஸுக்கு எதிரிலேயே கடை வைத்திருக்கிறவனுக்கு, அன்றுதான் தெரிந்தது.

இன்னொருவர் கேலியாக, "சுலோச்சன முதலியார் மாதிரி யாராவது இருந்தாக் கூட்டிட்டு வாங்க, பங்கும் வேண்டாம் வரியும் வேண்டாம்" என்றார். நெல்லைச் சீமையில் துட்டுப் பேச்சு வந்தால் அந்தப் பேர் வராமல் இருக்காது. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக (தலைமை அலுவலராக) இருந்தவர், நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றின் குறுக்கே தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக்கொடுத்தார், 1843-ல் அது திறந்தது, இன்றைக்கும் பஸ் ஓடுகிறது. ஊர் ஜனங்களிடம் வசூலித்துக் கட்டலாம் என்றுதான் முதலில் பேச்சிருந்தது, வசூலைத் தொடங்கி வைக்கவேண்டியவர் முழுத் தொகையையும் தானே ஏற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். அதாவது யார் கொடுப்பது என்ற அதே தகராறு நூற்று எண்பது வருஷத்துக்கு முன்னாலும் இருந்திருக்கிறது. அவர் கொடுத்ததால் அந்தத் தகராறு தீரவில்லை, அந்த ஒரு தடவைக்கு வராமல் போனது. எங்கள் தெருவில் எட்டாயிரத்துக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் இதற்கெல்லாம் பிறகு எழுந்த அம்மாவின் பேச்சுத்தான் என்னை உட்கார விடவில்லை. ஆற்றோரம் ஒரு காலனிப் பகுதியின் உறுப்பினர். காகிதம் எதுவும் கையில் இல்லை. "எங்க வார்டுல அம்புட்டும் பீடி சுத்துறவுக, கூலிக்குப் போறவுக. மூணுல ஒரு பங்கு மூணு லட்சம்னா எங்க போவாவ? குடுக்க முடியுற தெருவுக்கு அரசு ரெண்டு பங்கு குடுக்கு. குடுக்க முடியாத தெருவுக்கு ஒண்ணுமில்ல. நமக்கு நாமேன்னு பேரு வச்சிருக்கீய, சரி, எங்களுக்கு யாரு?"

மன்றம் கொஞ்சம் அமைதியானது. அந்தத் திட்டத்தின் அரசுப் பங்கு தனியாக வருகிறது, இதைச் செய்யாவிட்டால் அந்தப் பணம் உங்கள் தெருவுக்கும் வராது, ஊருக்கே வராமல் போகும் என்று அதிகாரி விளக்கினார். விளக்கம் சரிதான். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. எங்கள் ரோட்டின் பராமரிப்பு நாளைக்குப் பொது நிதியிலிருந்துதான் போகும். எங்கள் மதிப்பீட்டைப் போட்ட பொறியாளர் அந்த நாளில் காலனித் தெருவுக்கு மதிப்பீடு போட்டிருக்கலாம். தானப் பத்திரம், சங்கப் பதிவு, ஆர்.டி.ஐ. என்று நாங்கள் ஓடியதற்கு எங்களுக்கு நேரமும் கொஞ்சம் எழுத்தும் இருந்தது, அதுவும் ஒரு சொத்துதான்.

அன்று 23-ஆம் பொருள் ஒத்திவைக்கப்பட்டது. அண்ணாச்சி வெளியே வந்ததும் திட்டினார். எனக்குத் திட்டத் தோன்றவில்லை, ஆனால் வயிற்றைக் கலக்கியது, காரணம் வேறு. தீர்மானம் வருவதற்கு முன்பே பங்குத் தொகை முழுவதற்கும் டி.டி. எடுத்துக் கொடுத்துவிட்டிருந்தோம். நான்தான் அவசரப்படுத்தினேன், பணம் கட்டினால் ஃபைல் வேகமாக நகரும் என்று. நகரவில்லை. எட்டு மாதம் அந்தப் பணம் அங்கே கிடந்தது, வாரம் ஒருவர் கடைக்கு வந்து "நம்ம துட்டு என்னாச்சு" என்று கேட்டார்கள். முதலில் சம்மதக் கடிதம் கொடுங்கள், பணத்தை எப்போது கட்டவேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் பகுதி சபை இருந்தது. 2022 முதல் நகராட்சி வார்டுகளிலும் கிராம சபை மாதிரி பகுதி சபை என்று ஒன்று உண்டு, நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் கூடும். பேருக்குக் கூட்டுவார்கள், பத்துப் பேர் வருவார்கள், ஒரு படம் எடுப்பார்கள். அந்தப் பத்துப் பேரோடு நாம் இருபது பேர் போய் உட்கார்ந்தால் அது வேறு கூட்டமாகிவிடுகிறது. எங்கள் கோரிக்கையை நடவடிக்கைக் குறிப்பில் எழுதவைத்துக் கையெழுத்தோடு நகல் வாங்கினோம். கவுன்சிலர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபோது மன்றத்தில் கேட்ட விதமே மாறியது. பொருள் நிறைவேறியது, எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆற்றோரக் காலனித் தெருவைப் பொது நிதியில் முதல் பணியாக எடுப்பது என்று ஒரு திருத்தத்தோடு. அந்தத் திருத்தத்துக்கு எங்கள் கவுன்சிலரும் கை தூக்கினார்.

வேலை நடந்த கதையைச் சுருக்குகிறேன், அது தனிப் புராணம். இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, மட்டம். ரோடு போடுகிறவர்களுக்கு மண்ணைத் தோண்டி எடுப்பதைவிட மேலே கொட்டுவது சுகம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேல் புது ரோடு போட்டு வீடுகளைப் பள்ளமாக்கக்கூடாது என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் எழுதியிருக்கிறார், அப்படியும் ஊரில் பாதி வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலுக்குப் படி இறங்கித்தான் போகிறார்கள். எங்கள் தெருவில் வேலை தொடங்குவதற்கு முதல் நாள் சாயங்காலம் மூலை வீட்டுக்காரர் டியூப் லெவலோடு வந்துவிட்டார் (கட்டட வேலை தெரிந்தவர், அதுவரை எங்களுக்குத் தெரியாது). எல்லா வாசல் நடைக்கும் ஒரே மட்டத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, கோட்டிலிருந்து ஒரு முழங்கை அளவு கீழேதான் பிளாக் நிற்கவேண்டும் என்று மேஸ்திரியிடம் காட்டினார். அந்தக் கோடு இன்னும் சில சுவரில் அழியாமல் இருக்கிறது. டிசம்பர் மழையில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்தச் சாக்பீஸ்.

இன்னொன்று, கல்லின் கனம். நடைபாதைக்கு 60 மில்லிமீட்டர் போதும், லாரி வருகிற தெருவுக்கு 80 வேண்டும். மதிப்பீட்டின் நகல் கையில் இருந்ததால், வந்திறங்கிய முதல் லோடிலேயே டீச்சர் அக்கா ஸ்கூல் ஸ்கேலை வைத்து அளந்தார். சரியாக இருந்தது. சரியாக இருந்தாலும் அளந்தது நல்லது, அதற்குப் பிறகு வந்த லோடெல்லாம் அவர்களே அளந்து காட்டி இறக்கினார்கள். நாங்கள் கோட்டைவிட்டது குழாயில். காலி மனைகளுக்குக் குடிதண்ணீர் இணைப்புக்கான குழாயை ரோட்டுக்கு அடியில் முன்கூட்டியே போட்டிருக்கவேண்டும். மறந்துபோனோம். மூன்றாம் மாதமே பம்பாய்க்காரர் வீடு கட்ட ஆரம்பித்து ரோட்டைத் தோண்டினார். பேவர் பிளாக் என்பதால் எடுத்து மறுபடி அடுக்க முடிந்தது, ஆனால் அந்த இடம் மட்டும் இன்னும் லேசாக அமுங்கியிருக்கிறது, பைக்கில் போனால் தெரியும்.

ஆட்டோ இப்போது உள்ளே வருகிறது. திருப்ப இடமில்லை என்று பத்து ரூபாய் கூடக் கேட்கிறார்கள்.

ஆற்றோரக் காலனித் தெரு முதல் பணி என்று திருத்தம் போட்டார்கள் அல்லவா, அதற்கு இன்னும் டெண்டர் வரவில்லை. நிதிநிலைக்கேற்ப. போன மாதம் அந்த அம்மா என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தார், தெருவின் சர்வே எண் தெரியுமா என்று கேட்டேன், தெரியவில்லை. அங்கேயே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். அரசு நிலம், பாதை என்றே இருக்கிறது, தானப் பத்திரச் சிக்கல் இல்லை. ஆர்.டி.ஐ. மனு ஒன்று எழுதி ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் அந்தத் தெரு வருகிறது என்கிறார்கள், எத்தனையாவது பொருள் என்று தெரியாது. அண்ணாச்சிக்கு அன்றைக்குக் கல்யாண வீடு. மூலை வீட்டுக்காரர் தன் பைக்கிலேயே போகலாம் என்று சொல்லியிருக்கிறார், பத்து மணிக்கெல்லாம் போனால்தான் பின் பெஞ்சில் ஃபேனுக்குக் கீழே இடம் கிடைக்கும்.